தீமிதிக்குக் காப்புக் கட்டியவரின் மனைவி

இன்சீனிலிருந்து நகருக்குத் திரும்பும் வட்ட ரயிலில் அந்தப் பெண் என் அருகே அமர்ந்திருந்தார். மெலிந்த உடல், மடியில் எட்டு மாதப் பெண்குழந்தை. அதன் கன்னங்களில் பர்மியர் முகத்தில் பூசும் தனக்கா மரப்பட்டைக் குழம்பைக் காயும்முன்பே மறுபடி மறுபடி பூசிக்கொண்டிருந்தார். குழந்தை கண் விழித்தது. வெண்விழிகள் மஞ்சளாக இருந்தன.

நான் பார்த்ததைக் கவனித்துவிட்டார்.

“பித்தக்குழாய் இல்லாமப் பொறந்துட்டா, தங்கச்சி. ஈரல் மாத்தணும். என் ரத்தம் சேரல, அவங்கப்பாவோடதுதான் சேருது. அவர் ஈரல்ல ஒரு துண்டு வெட்டி இவளுக்கு வைக்கணும். நாளைக்கு மூணு பேரும் சென்னைக்குக் கிளம்பணும்.”

“நல்லதுதானே, அக்கா?”

“நேத்து அவர் கோயில்ல காப்புக் கட்டிக்கிட்டார். தீமிதி முடியிற வரைக்கும் ஊரெல்லை தாண்டக்கூடாதாம். அதுவரைக்கும் பிள்ளை தாங்காதுன்னு டாக்டர் சொன்னப்போ பக்கத்துலதான் இருந்தார்.”

எதிரே இருந்த தமிழ்ப் பெண்மணி பாதியைத்தான் கேட்டிருந்தார். “பிள்ளைக்காகத் தீ மிதிக்கிறாரா? அவரல்லவா அப்பா!” என்று கைகூப்பினார்.

“ஆமாம்மா. தீயில இறங்குவார். கத்திக்குக் கீழதான் படுக்கமாட்டார்.”

ரயில் நின்றது. அவர் குழந்தையோடு எழுந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

“கோயிலுக்கு. எல்லார் முன்னாலயும் இவள அவர் கையில குடுத்துட்டு, இப்ப கும்பிடுங்கன்னு அவர்கிட்ட சொல்லப்போறேன்.”

நெருப்புக்கு அஞ்சாத அந்த மனிதர் தம் மகளைக் கைநீட்டி வாங்கினாரா என்பது எனக்குத் தெரியாது. வாங்கியிருப்பார் என்று நினைக்க இன்றுவரை மனம் வரவில்லை.