இரண்டு போத்தல் விஸ்கியும் ஒரு பதிலும்

என் கணவர் ஒரு கேள்விக்கு ஓம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லி நான் கேட்டதில்லை. "பாப்பம்" என்பார். திரைச்சீலைக்குப் பச்சைத் துணி எடுப்பமா, நீலம் எடுப்பமா? பாப்பம். கோழிக்கூட்டுக்கு ஓலை மாற்ற வேண்டாமா? பாப்பம். மழையில் நனைந்து கோழிகள் எல்லாம் செத்த பிறகும் அந்தக் கூட்டை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அவருடைய வேலையும் அப்படிப்பட்டதுதான். கிளிநொச்சியில் குளத்து வேலைகளைப் பார்க்கும் அரசாங்கக் கந்தோரில் மண் பரிசோதனைக்குப் பொறுப்பாக இருந்தார். அணைக்குப் போடும் மண்ணைப் போத்தலில் தண்ணீர் விட்டுக் கரைத்து, மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்று அது அடியில் படியும்வரை காத்திருக்க வேண்டும். மண்ணுக்கு அந்தப் பொறுமை சரி. பெண்சாதிக்கும் அதுவே போதும் என்று நினைத்தால் என்ன செய்வது?

நான் பயிற்றப்பட்ட ஆசிரியை. கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் குவாட்டர்ஸுக்கு வந்ததோடு என் சான்றிதழ் பெட்டிக்குள் கூறைச் சேலைக்குக் கீழே போய்விட்டது. பகல் முழுவதும் காற்றும் நானும்தான். கண்டி வீதியில் போகும் லொறிச் சத்தத்தைக் கேட்டு, அது நெல் ஏற்றிப் போகிறதா வெறுமையாகப் போகிறதா என்று சொல்லக்கூடிய அளவுக்கு எனக்கு வேலை இல்லாமல் இருந்தது. பின்னேரம் அவர் வந்து விரலை மடக்கிக் கதவில் இரண்டு தரம் தட்டுவார். நான் போய்த் திறப்பேன். வீட்டுப் பூட்டுக்கு இருந்த ஒரே திறப்பு என் சேலைத் தலைப்பில் முடிந்திருந்தது. அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

அப்போது பள்ளிக்கூடங்களை அரசாங்கம் இன்னும் பொறுப்பெடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மனேச்சர் இருப்பார். கண்டாவளையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மனேச்சராக இருந்த பெரியவர் எப்படியோ என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு வீடு தேடி வந்தார். பட்டை பட்டையாகத் திருநீறு, தோளில் மடித்த சால்வை, கோயில் காரியங்களிலும் முன்னுக்கு நிற்பவர். கீழ் வகுப்புக்குப் படிப்பிக்க ஆள் இல்லை, முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினால் காலையில் வந்து பின்னேரம் திரும்பலாம் என்றார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் முகட்டைப் பார்த்தார்.

"பாப்பம் ஐயா."

"பாருங்கோ தம்பி. வாற திங்கள் பள்ளிக்கூடம் துவங்குது. சனிக்கிழமை பின்னேரம் வருவன், எனக்கு ஒரு முடிவு சொல்லோணும். பரந்தனில ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கு. நீங்கள் மாட்டம் எண்டால் அதுக்குக் குடுத்திடுவன்."

அந்தக் கிழமை முழுவதும் நான் கேட்டேன். சோறு போடும்போது கேட்டேன், சட்டை மடிக்கும்போது கேட்டேன். அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் வரவில்லை. வியாழக்கிழமை வழக்கம்போல விரலால் தட்டாமல் காலால் கதவை உதைத்தார். திறந்தால், ஒரு கையில் குடை, மற்றக் கையில் துவாயால் சுற்றிய இரண்டு போத்தல்.

கந்தோருக்கு அணை பார்க்க வந்திருந்த அமெரிக்கர் ஊருக்குத் திரும்புகிறாராம். போகும்போது இவருடைய பொறுமையைப் பாராட்டி இரண்டு உயர்ந்த விஸ்கி கொடுத்தாராம். பொறுமையைப் பாராட்ட ஒரு ஆள் அமெரிக்காவிலிருந்து வர வேண்டியிருந்தது!

"இது பேர்பன். சோளன்ல செய்யிறது. மற்றது றை எண்டு ஒரு தானியத்தில செய்யிறது."

"அதென்ன தானியம்? குரக்கன் மாதிரியோ?"

"தெரியாது. ஆனா ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சமா வாயில வைச்சு ஒப்பிட்டுப் பாக்கச் சொன்னவர். அவசரப்படக் கூடாதாம்."

அவருக்கா அதைச் சொல்ல வேண்டும்? போத்தல்களை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். ஒன்று கடும் தேயிலைச் சாயம், மற்றது கொஞ்சம் வெளிறல். சனிக்கிழமை மனேச்சர் வருகிறாரே, என்ன பதில் சொல்வது என்றேன்.

"பாப்பம். முதல் இந்த அலுவலை முடிப்பம்."

சனிக்கிழமை அரைநாள் கந்தோர். வந்து எண்ணெய் வைத்து முழுகினார். அப்படி முழுகிய நாளில் இறைச்சிக் கறியும் கொஞ்சம் சாராயமும் எங்கள் ஆண்களுக்கு உரிமை மாதிரி. நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துவிட்டு உள்ளே வந்தால், குசினித் தட்டில் இரண்டு போத்தலைக் காணவில்லை. ஒன்று நல்லெண்ணெய்ப் போத்தல். மற்றது நான் ஓமத் தண்ணீர் காய்ச்சி வைக்கும் போத்தல். அமெரிக்கப் போத்தல் இரண்டும் தண்ணீர்க் குடத்தடியில் கிடந்தன. அடியில் மட்டும் கொஞ்சம் மிச்சம்.

முன் விறாந்தையை எட்டிப் பார்த்தேன். மேசையில் என் எண்ணெய்ப் போத்தலும் ஓமப் போத்தலும் கந்தோர் மண் போத்தல்கள் போல நிமிர்ந்து நின்றன. ஒன்றின் கழுத்தில் வெள்ளை நூல், மற்றதில் கறுப்பு நூல். கணவருக்குப் பக்கத்தில், இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி, கால்மேல் கால் போட்டபடி. போத்தலில் வருகிற எதைப் பற்றியும் தனக்குத் தெரியும் என்பது அவருடைய எண்ணம்.

கணவர் என்னைக் கண்டதும் விளக்கம் சொன்னார். படத்தையும் எழுத்தையும் பார்த்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். அதனால் வெறும் போத்தலுக்கு மாற்றிவிட்டாராம். ஒழுங்கையால் போகிறவர்கள் பார்த்தாலும் எண்ணெயும் ஓமத் தண்ணீரும் என்றுதான் நினைப்பார்களாம்.

"கழுவினீங்களோ?"

"அரப்புத் தண்ணி விட்டுக் குலுக்கினனான்."

அரப்புக்கு எண்ணெய்ப் பிசுக்கு அசையுமா? ஓம வாசம்தான் போகுமா? வருடக்கணக்காக அதற்குள் ஊறிய வாசம். சொல்ல வாயெடுத்தேன். அப்போதிக்கரி கையைக் காட்டி மறித்தார்.

"தங்கச்சி, உங்களுக்கு உது விளங்காது. நீங்கள் நான் கொண்டுவந்த மான் இறைச்சி வத்தலை நல்ல உறைப்பாப் பொரிச்சுக்கொண்டு வாங்கோ."

சரி, எனக்கு விளங்காது. வாயை மூடிக்கொண்டு போய்ச் செத்தல் மிளகாயை அள்ளிப் போட்டு, எனக்கே தும்மல் வரும்வரை பொரித்தேன். நாக்கை நெருப்பில் வாட்டிவிட்டு ருசி பார்க்கப் போகிறார்களாம்.

அப்போதிக்கரிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கத் தெரியாது. சாராயம் குடிக்கிற மாதிரி தலையை அண்ணாந்து ஒரே மடக்கில் இறக்கி, முகத்தைக் கோணி, ஒரு துண்டு வத்தலைக் கடித்தார். "நாக்கில வைச்சிருங்கோ, நாக்கில வைச்சிருங்கோ" என்று என் கணவர் கெஞ்சினார். இவரோ ஒரு சொட்டை வாய்க்குள் வைத்தபடி கண்ணை மூடி, அது அடியில் படியட்டும் என்று காத்திருந்தார். ஒருவர் விழுங்கி முடித்துவிட்டார், மற்றவர் இன்னும் விழுங்கவே இல்லை. இதுதான் அவர்களுடைய ஒப்பீடு.

"வெள்ளை நூலைப் பாருங்கோ," என்றார் அப்போதிக்கரி, கிளாஸைச் சாய்த்து. "எப்பிடி வழியுது! நல்ல சரக்கெண்டால் எண்ணெய் மாதிரி ஒட்டும். அதுதான் சோளன்ர கொழுப்பு."

நான் கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தேன்.

"கறுப்பு நூலில ஒரு மூலிகை வாசம் வருது. நெஞ்சைத் திறக்குது. அந்தத் தானியம் இஞ்ச இல்லாததுதான் எங்கட குறை."

"ஒரு காரம் இருக்குத்தான்," என்றார் என் கணவர். அதே ஓமத்தைத்தான் வயிறு ஊதும் போதெல்லாம் நான் அவருக்குக் கொடுத்தேன். ஒரு நாளும் நெஞ்சைத் திறக்குது என்று சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துப் படலை கிறீச்சிட்டது. மனேச்சர். இருவரும் விறைத்துப் போனார்கள். வந்தவர் கதிரையில் இருந்து, சால்வையால் முகத்தைத் துடைத்து, மேசையைப் பார்த்தார்.

"இதென்ன தம்பி?"

"ஓமத் தண்ணி ஐயா," என்றார் அப்போதிக்கரி, கொஞ்சமும் கூசாமல்.

மனேச்சர் ஒரு முறை மூச்சை உள்ளே இழுத்தார். "எனக்கும் ரெண்டு நாளா வயிறு ஒரு மாதிரி. கொஞ்சம் ஊத்தும்."

ஊற்றினார்கள். குடித்தார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. மீசையைத் தடவிவிட்டு, "அந்த மற்றப் போத்தலிலையும் ஓமத் தண்ணியோ?" என்று கேட்டார். பிறகு மூன்று பேருமாக ஒப்பிட்டார்கள். வெள்ளை நூல் தொண்டைக்கு இதமாம், கறுப்பு நூல் வயிற்றுக்கு இதமாம். வெயில் சாய்ந்துகொண்டே போனது. என் பெயர் ஒரு தரமும் அந்தக் கதையில் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. கவலையில் வருகிற அழுகை அல்ல, கோபத்தில் வருகிறது. எந்த நூல் திறம் என்று இவர்கள் முடிவெடுப்பதற்குள் கடைசி பஸ் வந்துவிடும், அந்தப் பஸ்ஸில் என் வேலையும் ஏறிப் பரந்தனுக்குப் போய்விடும்.

குசினிக்குப் போனேன். குடத்தடியில் கிடந்த போத்தலை எடுத்து, அடியில் கிடந்ததை ஒரு கோப்பையில் ஊற்றிக் குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. எரிவு போன பிறகு, பனங்கட்டி பாகு கொஞ்சம் கருகினால் வரும் இனிப்பு. வாயைக் கொப்புளித்து மற்றதைக் குடித்தேன். இதில் இனிப்புக் குறைவு, மிளகைக் கடித்த மாதிரி ஒரு விறுவிறுப்பு. இறங்கிய பிறகும் சூடு நின்றது. இரண்டாவதுதான், றை என்று எழுதியிருந்ததுதான், எனக்குப் பிடித்தது. முடிவெடுக்க அவ்வளவு நேரம்தான் வேண்டியிருந்தது.

விறாந்தைக்கு வந்தபோது மனேச்சர் எழுந்து சால்வையை உதறிக்கொண்டிருந்தார்.

"அப்ப தம்பி, பிள்ளை திங்கட்கிழமை வருவாவோ?"

என் கணவர் இரண்டு போத்தலையும் மாறி மாறிப் பார்த்தார். "பாப்பம் ஐயா."

"பாக்க ஒண்டுமில்லை," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ஐயா, நான் திங்கட்கிழமை வாறன். பரந்தன் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கோ. ரெண்டு விஸ்கியிலையும் றைதான் திறம், அதையும் கேட்டுக்கொண்டு போங்கோ. நீங்கள் மூண்டு பேரும் இவ்வளவு நேரமும் ருசி பாத்தது என்ர நல்லெண்ணெயையும் ஓமத்தையும்!"

அப்போதிக்கரி கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடித்தார். மேலே மிதந்த எண்ணெய்ப் பொட்டுகள் இப்போதுதான் அவருடைய கண்ணுக்குத் தெரிந்தன.

மனேச்சர் மட்டும் அசையவில்லை. "நான் ஓமத் தண்ணிதான் குடிச்சனான் எண்டு முதலே தெரியும், பிள்ளை," என்றார். "திங்கள் காலமை மணி அடிக்க முந்தி வந்திடுங்கோ." பஸ்ஸுக்கு விறுவிறுவென்று போய்விட்டார். அப்போதிக்கரியும் ஆஸ்பத்திரியில் ஏதோ அவசரம் என்று எழுந்து போனார்.

நான் கிளாஸ்களைச் சத்தம் வரும்படியாகவே அடுக்கினேன். கணவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லையே," என்றார்.

"ஓம் எண்டும் சொல்லேல்லை. என்னத்துக்கு மனேச்சரை ஒரு கிழமையா வைச்சு இழுத்தனீங்கள்? நான் வேலைக்குப் போனால் ஆரும் ஏதும் சொல்லுவினம் எண்டோ?"

அப்படி இல்லை என்பது போலத் தலையை ஆட்டினார். போத்தலின் வெள்ளை நூலை அவிழ்த்து விரலில் சுற்றினார்.

"கந்தோரால வந்து கதவைத் தட்டேக்க, உள்ளுக்கு உம்மட காலடிச் சத்தம் கேக்கும். ஒருக்காத் தட்டவே நீர் வாறது தெரியும். அந்தச் சத்தம் இன்னும் கொஞ்சம் கேக்கட்டும் எண்டுதான் ரெண்டாந்தரம் தட்டுறனான். நீர் போனால் அது இல்லை."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்ல முடியாது. மூன்று வருடமாக ஒரு வீட்டில் இருந்துகொண்டு, இதைச் சொல்ல இந்த மனிதருக்கு எண்ணெய் கலந்த அமெரிக்க விஸ்கி வேண்டியிருந்தது. கோபத்தோடு கோபமாக நெஞ்சு இளகியதும் உண்மை. ஆனால் இளகினேன் என்பதற்காக நான் போகாமல் விடப்போவதில்லை. சோற்றைப் போட்டேன்.

திங்கட்கிழமை சான்றிதழை எடுத்துக் கைப்பையில் வைத்தேன். சேலைத் தலைப்பிலிருந்து திறப்பை அவிழ்த்து, மேசையில் நின்ற இரண்டு போத்தலுக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனேன். பின்னேரம் பஸ்ஸால் இறங்கி, கையெல்லாம் சோக்குத் தூளோடு ஒழுங்கையால் நடந்து வந்தபோது எங்கள் வீட்டுக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. விரலை மடக்கித் தட்டினேன். உள்ளே கதிரை இழுபட்டது, பிறகு அவர் விரைந்து வருகிற காலடிச் சத்தம் கேட்டது. கேட்ட பிறகும் இன்னொரு தரம் தட்டினேன்.