சின்னக்கோயில் வாசலில் நின்ற கௌதமன்

கீழ்வேளூரில் என் உரக்கடைக்கு லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது லூர்து அக்காவிடமிருந்து போன் வந்தது. அக்கா என்னோடு பேசி நெடுநாளாகியிருந்தது. "தம்பி, அத்தான் போயிட்டாரு. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்றாள். பிறகு, "நீ வருவியா?" என்று கேட்டாள். கூடப் பிறந்தவள் இப்படிக் கேட்க வேண்டி வந்துவிட்டதே என்பதுதான் சாவுச் செய்தியைவிட முதலில் என்னைத் தாக்கியது.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற என் அத்தான் கௌதமனை உங்களில் பலர் சின்னக்கோயில் வழக்கின் எதிர்த்தரப்பாகத்தான் அறிவீர்கள். நம் கத்தோலிக்கப் பங்குப் பேரவையின் செயலாளர் என்ற முறையில் அந்த வழக்கில் அவருக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டவன் நான். ஆகவே அவரைப் பற்றி எழுத உனக்கு என்ன இருக்கிறது என்று நம் ஆட்களும் கேட்பார்கள், அவர் ஆட்களும் கேட்பார்கள். கேட்கட்டும்.

அவர் அந்தோணியாகப் பிறந்தவர், எங்கள் வடக்குவெளித் தெருவிலேயே. அக்காவைக் கட்டியதும் மாதா கோயிலில்தான். அவருடைய அம்மா இறந்தபோது கல்லறைத் தோட்டத்து நடுச் சுவருக்கு இந்தப் பக்கம் குழி வெட்டினார்கள். எங்கள் சாதிக்கு இந்தப் பக்கம், மற்றவர்களுக்கு அந்தப் பக்கம் என்பது அங்கே நெடுங்கால வழக்கம். மண் தள்ளிவிட்டு வெளியே வந்தவர், "உசுரோட இருக்கறப்ப தனித் தெரு. செத்த பிறகும் ஒரு சுவர் வேணுமா மச்சான்?" என்றார். நான் கை மண்ணைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். சில மாதங்களில் இன்னும் பல குடும்பங்களோடு நாகப்பட்டினம் போய்ப் பௌத்தம் தழுவி, கௌதமனாகத் திரும்பி வந்தார். அக்கா ஜெபமாலையை விடவில்லை. அவரும் விடச் சொல்லவில்லை.

வாய்க்கால் ஓரத்துச் சின்னக்கோயிலுக்குள் ஒரு வெளிநாட்டுப் பாதிரிச் சாமியாரின் கல்லறை இருக்கிறது. காலரா கண்டவர்களுக்குப் பணிவிடை செய்து, அதிலேயே இறந்தவர் என்பார்கள். காய்ச்சல் வந்தால் அங்கே உப்பும் மிளகும் வைத்து வேண்டிக்கொள்வது சுற்று வட்டார வழக்கம். ஒரு புயலில் அதன் கூரை போனது. மெயின் ரோட்டில் புதுக் கோயில் கட்டியதும் பழையதை நாங்கள் ஏறக்குறைய மறந்தோம். பிறகு வாய்க்காலைத் தூர்வாரியபோது மூக்கு சிதைந்த ஒரு கருங்கல் புத்தர் கிடைத்தார். மியூசியத்துக்குக் கேட்டு வந்த அதிகாரிகளிடம் ஊர் கொடுக்க மறுத்துவிட்டது. கௌதமனும் அவர் ஆட்களும் சிலையைப் புங்க மரத்தடியில் வைத்திருந்தார்கள். ஐப்பசி மழை பிடித்ததும் சின்னக்கோயிலுக்குள் கொண்டுபோனார்கள். தகரக் கூரை போட்டு, வெள்ளையடித்து, பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கே கூடினார்கள்.

சில வருடங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. சின்னக்கோயிலைப் புதுப்பித்துத் திருத்தலம் ஆக்கலாம் என்று பங்கில் பேச்சு எழுந்தபோதுதான் தகராறு வந்தது. எங்கள் புனிதர் உறங்கும் இடம் என்றோம் நாங்கள். அஸ்திவாரத்துச் செங்கல்லைப் பாருங்கள், விகாரையை இடித்துக் கட்டியது என்றார்கள் அவர்கள். தெரு இரண்டானது. கல்யாணப் பத்திரிகைகூட இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை.

கோட்டாட்சியர் முன்னால் நடந்த அமைதிப் பேச்சுவார்த்தைக்கு நானும் போயிருந்தேன். வெளியே இரண்டு வேன் போலீஸ். கைவிடப்பட்ட கட்டடத்தைத்தான் எடுத்துக்கொண்டோம் என்பது அவர்கள் வக்கீலின் வாதம். அதிகாரி கௌதமனைப் பார்த்தார்.

"நீங்க சிலையைக் கொண்டுபோனப்போ அங்க கிறிஸ்தவ வழிபாடு எதுவும் இல்லை. அப்படித்தானே?"

"இருந்துச்சுங்க."

"என்னது?"

"வெள்ளிக்கிழமை தவறாம கல்லறையில மெழுகுவத்தி எரியும்ங்க. ஏத்துனது என் சம்சாரம். மழையில அணையக் கூடாதுன்னு தகரத்தை முதல்ல கல்லறைக்கு மேலதான் போட்டேன். அப்புறம்தான் சிலைக்கு."

அவர் பக்கத்தில் யாரோ நாற்காலியை எட்டி உதைத்தார்கள். வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். வெளியே வந்ததும் அவர்கள் ஆள் ஒருவன் சட்டையைப் பிடிக்காத குறையாக, "எங்களைக் காட்டிக் குடுக்கவா கூட வந்தீங்க?" என்று கத்தினான். அதற்கு அவர் சொன்னதை நான் நின்று கேட்டேன்: "பொய் சொல்லி வாங்குன இடத்துல எப்படிடா கண்ணை மூடி உக்காருவ?" அன்றோடு அவர்கள் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் ஆட்களுக்கோ பாதி வழக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. புனிதரின் திருநாளன்று சிலுவையோடு சின்னக்கோயிலுக்குப் பவனி போனோம். கூட்டத்தின் பின்னால் சிலர் கடப்பாரை வைத்திருந்தது எனக்குத் தெரியும். போலீஸ் ஜீப் மதகடியில் தூரத்தில் நின்றது. வாசற்படியில் கௌதமன் தனியாக நின்றார். அவர் ஆட்களில் ஒருவர்கூட வரவில்லை.

"அத்தான், வழிய விடுங்க" என்றேன்.

"எதுக்கு மச்சான்?"

"இது எங்க கோயில். நீங்களே ஒத்துக்கிட்டீங்க."

"கல்லறையில விளக்கு எரிஞ்சதை ஒத்துக்கிட்டேன். அதை அணைக்க வந்தாலும் இப்படித்தான் நிப்பேன். மெழுகுவத்தியோட வர்றவங்க ஒவ்வொருத்தரா உள்ள போங்க. கடப்பாரையோட வர்றவன் என்னைத் தள்ளிட்டுத்தான் போகணும்."

குரல் உறுதியாக இருந்தது. பின்னாலிருந்து, "தள்ளுங்கடா அவரை" என்று ஒரு குரல் வந்தது. கூட்டம் என் முதுகில் அழுத்தியது. அப்போது முன்வரிசையிலிருந்து லூர்து அக்கா விலகிப் படியேறி, கணவர் பக்கத்தில் போய் நின்றாள். கையில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

"அந்தக் கடப்பாரை யாருக்குப்பா?" என்றாள் எங்களைப் பார்த்து. "உள்ள இருக்கற சிலைக்கா, எங்க ரெண்டு பேருக்கா?"

எங்கள் பங்குச் சாமியார் என்ன நினைத்தாரோ, சத்தமாக ஜெபமாலையைத் தொடங்கினார். பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். எங்கோ பின்னால் இரும்பு தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொருவராக உள்ளே போய், புத்தருக்குப் பக்கவாட்டில் இருக்கும் கல்லறையில் மெழுகுவத்தி வைத்துவிட்டு வந்தோம். அவர் ஒருவர் நுழையும் அளவுக்கு மட்டும் விலகி நின்றார். நான் கடந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று கோட்டாட்சியர் உத்தரவு போட்டார். உரிமை யாருக்கு என்ற வழக்கு கோர்ட்டில் நடக்கிறது. அக்கா என் வீட்டுக்கு வருவதை அந்தத் திருநாளோடு நிறுத்தினாள்.

சாவு வீட்டுக்குப் போனேன். அவரை ஒதுக்கியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பஞ்சசீலம் சொல்லி, பௌத்தக் கொடி போர்த்தினார்கள். பாடையைத் தொடப் போன என்னை ஒருவர் மறித்து, "நீங்க வேணாம். கேஸு போட்டவங்க நீங்க" என்றார். கொடியின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்த அக்கா நிமிராமலே, "அவன் தூக்கட்டும். அவருக்கு அவன் மச்சான்" என்றாள். மறித்தவர் ஒதுங்கினார். தூக்கினேன். வாய்க்கால் கரை நெடுக என் தோளுக்கு முன்னால் போன தோள், அன்று அவர் சட்டையைப் பிடிக்கப் போனவனுடையது. அவன் வழி முழுவதும் அழுதுகொண்டே வந்தான்.

அடுத்த வாய்தாவில் நான் கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டும். சிலையைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று சொல்லும்படி நம் வக்கீல் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சின்னக்கோயில் நமக்கு வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. ஆனால் அவர்கள் பட்டப்பகலில், நாம் பார்த்துக்கொண்டிருக்க, மழைக்கு ஒதுங்க அந்தச் சிலையைத் தூக்கிப் போனார்கள். நாம் விட்டுவிட்ட கல்லறைக்குக் கூரை போட்டவர் கௌதமன். கூண்டில் இதைத்தான் முதலில் சொல்வேன், நம் உரிமையை அதற்குப் பிறகு. தனக்குப் பாதகமான உண்மையை முதலில் சொல்வது: அத்தானிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். கோர்ட்டில் கேட்டுத் திடுக்கிட வேண்டாம் என்பதற்காகப் பங்குப் பேரவைக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்.