ஏழு பேரும் பாய்ந்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

கபடி கோச் வேலை என்பது அடுத்தவன் எலும்பை வைத்துப் போடும் கணக்கு. கோட்டுக்கு வெளியே நின்று நகம் கடித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எண்பதுகளில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். ஷிஃப்ட் முடிந்தால் கம்பெனி டீமுக்குக் கோச்.

சாக்பீஸ் பிளான்

எங்களை ஆட்டிவைத்தது ஆந்திர, கர்நாடக எல்லையை ஒட்டிய வேப்பனப்பள்ளி டீம். மற்றவர்கள் பாடிவருகிறவனை உள்ளே விட்டு மெதுவாக வளைப்பார்கள். இவர்கள் அவன் நடுக்கோட்டைத் தாண்டியதுமே ஏழு பேரும் சேர்ந்து பாய்வார்கள். எங்கள் ஆள் திரும்புவதற்குள் மண்ணில் கிடப்பான்.

சாப்பாட்டு நேரத்தில் ஷெட் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். "ஆழமா போகாதே. வலப்பக்கம் போற மாதிரி காட்டு, எல்லாரும் அங்கே பாய்வாங்க. நீ இடப்பக்கம் வெட்டித் திரும்பிடு. பிடிச்சாலும் பரவாயில்லை, உன் கை நடுக்கோட்டைத் தொட்டுட்டா பிடிச்சவங்க அத்தனை பேரும் அவுட்."

எங்கள் முதல் ரெய்டர், அஞ்செட்டிக்கார மாதப்பன், தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாம் சரிண்ணா, சாக்பீஸுக்கு வலிக்காது."

ரகசிய பாஷை

ஃபைனலில் எதிரே அதே வேப்பனப்பள்ளி. எந்தப் பக்கம் வெட்டுவது என்று ஆட்டத்துக்கு நடுவில் சொல்ல வேண்டுமே. தமிழில் கத்தினால் தெரிந்துவிடும் என்று கன்னடத்தில் கத்தினேன். மாதப்பன் வெட்டும் முன்பே ஏழு பேரும் அந்தப் பக்கம் போய் நின்றார்கள். தெலுங்குக்கு மாறினேன், அதுவும் அப்படியே. இடைவேளையில் அவர்கள் கேப்டன் தண்ணீர் குடித்துக்கொண்டே என்னிடம் வந்தான். "இந்தியில கத்திப் பாருங்கண்ணா, எங்களுக்கு அது மட்டுந்தான் வராது."

குவியலுக்கு அடியில்

மாதப்பன் தற்காலிகத் தொழிலாளி. கோப்பை வந்தால் நிரந்தரம் பண்ணலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அடிபட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஃபைனலுக்கு அவன் மனைவி ரத்னா முதன்முறையாக ஆட்டம் பார்க்க வந்திருந்தாள்.

கடைசி ரெய்டு. நாங்கள் பின்தங்கியிருந்தோம். நான் வாயே திறக்கவில்லை. மாதப்பன் வலப்பக்கம் காட்டினான், பாய்ந்தார்கள், இடப்பக்கம் வெட்டினான். அப்படியும் ஒருவன் இடுப்பைப் பிடித்துவிட்டான். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். ஆளைக் காணவில்லை. 'கபடி, கபடி' என்ற சத்தம் மட்டும் அடியிலிருந்து தேய்ந்து தேய்ந்து வந்தது. பிறகு ஒரு கை நீண்டு நடுக்கோட்டைத் தொட்டது. விசில். ஜெயித்துவிட்டோம்.

குவியல் கலைந்தது, அவன் மட்டும் எழவில்லை. தோள்பட்டை இறங்கியிருந்தது. கம்பெனி வேனில் ரத்னா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் தோளை ஏற்றிவிட்டுப் பயமில்லை என்ற பிறகுதான் என்னைப் பார்த்தாள். "ஏழு பேரு வந்து விழற வரைக்கும் பிளான் போட்டீங்களே, இவரு எந்திரிச்சு வர்றதுக்கும் ஏதாச்சும் போட்டிருந்தீங்களாண்ணா?"

மாதப்பனுக்குத் தோளும் கூடியது, வேலையும் நிரந்தரமானது. நான்தான் இன்றும் வீட்டில் குக்கர் விசிலடித்தால்கூட எல்லாரும் எழுந்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன்.