மூன்றாம் பாகத்துக்கு ஒரு வக்காலத்து

இசக்கிதுரைக்கு எதையும் முடித்துப் பழக்கமில்லை. வேலையைச் சொல்லவில்லை. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோகும் லிஃப்டுகளைச் சரிசெய்வது அவன் பிழைப்பு. அதைப் பாதியில் விட்டுவிட்டு வந்தால் மேல்மாடிக்காரர்கள் சும்மா விடுவார்களா? சொல்ல வந்தது மற்றதை. அல்வா வாங்கினால் கடைசித் துண்டு ஃபிரிட்ஜிலேயே கிடந்து காயும். தானும் தொடமாட்டான், பிறரையும் தொட விடமாட்டான். வருஷக்கணக்காக விடாமல் பார்த்த சீரியலின் கடைசி நாளன்று கடைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுவான். சொந்தக்காரர்களை ரயிலேற்ற தாதருக்குப் போனால், வண்டி கிளம்பும் நேரத்தில் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனவன் போனவன்தான். கல்யாணமான புதிதில் மனைவி ஷாலினிக்கு இதெல்லாம் கோபமாக வந்தது. பிறகு, மனுஷன் வார்ப்பே இப்படி என்று விட்டுவிட்டாள்.

கெல்மரா விஷயத்தில்தான் அவளால் அப்படி விட முடியவில்லை.

கெல்மரா ஒரு வீடியோ கேம். வாள், மந்திரம், பறக்கும் பாம்பு எல்லாம் உண்டு. ஆடுகிறவனே வீரனாகி, துணைக்கு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். அவர்கள் கதையைக் கேட்க வேண்டும், அவர்களோடு சேர்ந்து அடிபட வேண்டும். கடைசியில் ஒரு பெரிய வாசலைத் தாண்ட வேண்டும். இசக்கிதுரை பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது முதல் பாகம் வந்தது, இப்போது ஏழாவது ஓடிக்கொண்டிருக்கிறது. இசக்கிதுரை ஏழையும் ஆடியிருக்கிறான். ஏழிலும் அந்தக் கடைசி வாசல் வரை போயிருக்கிறான். அங்கே ஒரு கூடாரம் இருக்கும். துணைக்கு வந்தவர்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அதோடு அணைத்துவிட்டு எழுந்துவிடுவான். ஒருமுறை ஷாலினி காரணம் கேட்டபோது, முடித்துவிட்டால் அப்புறம் எங்கே போவது என்று திருப்பிக் கேட்டான். 

இதில் வேடிக்கை என்னவென்றால், கெல்மராவின் முடிவுகளைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவனும் அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சயான் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடையில் மூன்று பேர் கூடுவார்கள். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கும் முகம்மது ஹனீப், இசக்கிதுரையோடு ஒரே பெஞ்சில் படித்தவன். மாட்டுங்காவிலிருந்து வரும் நகுல் பேங்கில் இருப்பவன், இருவரையும்விட இளையவன். ஆளுக்கு அரை கிளாஸ் கட்டிங் சாயா, வெண்ணெய் தடவிய ஒரு பன் மஸ்கா. அதற்கப்புறம் சண்டை.

நகுலுக்கு ஐந்தாம் பாகம். கடல், மலை, பாலைவனம், எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பான். இசக்கிதுரைக்கு ஆறாம் பாகம். ஹனீபுக்கு மூன்றாம் பாகம்தான், வேறு பேச்சே கிடையாது. மூன்றாம் பாகத்தை உலகத்தில் பாதிப்பேர் திட்டுகிறார்கள். ஆற்றங்கரைக்குப் போனால் படகு வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். கையில் வரைபடம் கிடையாது. வழியில் போகிறவனைக் கேட்டால் அவன் பொய் சொல்லுவான். சண்டையை விட நடை அதிகம். இசக்கிதுரை அதற்கு வைத்த பெயர் ‘எஸ்.டி. ஸ்டாண்டு’. பஸ் ஸ்டாண்டில் காத்துக் கிடப்பது போல இருக்கிறதாம். ஹனீப் மேஜையைத் தட்டுவான். அவன் குரல் மூன்று தையல் மெஷின் ஓட்டத்துக்கு மேல் எழும்பிப் பழகிய குரல். அவன் பேச ஆரம்பித்தால் பிளாட்பாரத்தில் நிற்கிறவனுக்கும் மூன்றாம் பாகத்தின் அருமை தெரிந்துவிடும்.

ஆடுகிற விதத்திலும் ஹனீபும் இசக்கிதுரையும் எதிரும் புதிருமாக இருப்பார்கள். கெல்மராவில் உயிரிலை என்று ஒன்று அபூர்வமாகக் கிடைக்கும். காயம் பட்டவருக்குக் கொடுத்தால் தேறிவிடுவார். ஹனீப், துணைக்கு வந்தவனுக்கு முழங்கை சிராய்த்தாலே ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவான். இசக்கிதுரை கொடுக்கவே மாட்டான். பின்னால் பெரிய ஆபத்து வரும், அப்போது வேண்டும் என்று பையில் சேர்த்துக்கொண்டே போவான். அப்படி ஒரு ஆபத்து இருந்தால் அது கடைசி வாசலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். அங்கேதான் அவன் போனதே இல்லையே.

ரம்ஜானுக்கு முன்பே ஹனீபின் குரல் கம்ம ஆரம்பித்தது. பட்டறைத் தூசி என்றார்கள், ஐஸ் தண்ணீர் என்றார்கள். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நகுல் கிளம்பிப் போன பிறகு, காலி கிளாஸைச் சுற்றிக்கொண்டே இசக்கிதுரையிடம் சொன்னான்.

“கொரல் பொட்டிய எடுக்கணுமாம்லே. எடுத்தா உசுருக்குப் பயமில்லைன்னு சொல்லுதாங்க. பேச்சுதான் இருக்காது. பொறவு ஏதோ மெஷின் வச்சுப் பழகலாமாம், அது எப்படி வருமோ.”

இசக்கிதுரை தண்ணீர் பாட்டில் வாங்க எழுந்துவிட்டான். ஹனீப் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அதற்கு முன்னால் ஹனீபுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. ஏழாம் பாகத்துக்கு இரண்டு முடிவு இருப்பதாக ரசிகர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஹனீபுக்குக் கிடைத்தது சின்ன முடிவு: வாசல் காக்கும் கிழவி பையைத் திறந்து பார்த்தாள், நன்றாகச் செலவழித்தாய் என்று ஒரு வார்த்தை சொன்னாள், கதவைத் திறந்துவிட்டாள், அவ்வளவுதான். இன்னொரு முடிவு வேறு மாதிரி ஆடுகிறவர்களுக்காம். அதை அவன் யூடியூபில் பார்க்கவில்லை. இசக்கிதுரை வாயால் கேட்கலாம் என்று வைத்திருந்தான்.

“முடிச்சிட்டு வாலே. அந்த முடிவ வச்சு உன்கூட ஒரு சண்ட போடணும். அதுக்கு எனக்குத் தொண்ட வேணும்.”

இசக்கிதுரை தலையை ஆட்டிவிட்டு வந்தான். திங்கட்கிழமை வேலை விட்டு வந்ததும் கூடாரம் வரை போனான், நெருப்பைப் பார்த்தான், அணைத்துவிட்டான். செவ்வாய்க்கிழமையும் அதே கதை. அந்த வாசலைத் தாண்டினால் ஹனீபோடு ஒரு சண்டை, அந்தச் சண்டை முடிந்தால் அந்தக் குரல் இல்லை. தாண்டாமலே இருந்தால் ஒன்றும் நடக்காது என்று சின்னப்பிள்ளை போல நினைத்தான். நினைப்பது தப்பு என்று தெரிந்தும் நினைத்தான். கடைசியில், புத்தி கெட்டவன், புதன்கிழமை மத்தியானம் செம்பூரில் ஒரு கட்டடத்து மாடிப்படியில் உட்கார்ந்து யூடியூபில் முதலில் அகப்பட்ட முடிவைப் பார்த்துவிட்டு, நேரே ஹனீப் வீட்டுக்குப் போனான்.

ஹனீபின் மனைவி மதீனா பீவி ஆஸ்பத்திரிக்குத் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இசக்கிதுரை உட்கார்ந்து தோரணையாக ஆரம்பித்தான். கிழவி வந்த விதம் சரியில்லை, ஒரே வார்த்தையில் கதவைத் திறந்தது சப்பென்று இருக்கிறது, இதற்கா ஏழு பாகம் என்று அளந்தான். ஹனீப் குறுக்கே பேசவில்லை. அதுவே இசக்கிதுரைக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

“உன் பையில எல எவ்வளவு இருந்துச்சு?” என்று ஹனீப் கேட்டான்.

“அது கெடக்கு, பை நெறைய.”

“பை நெறைய வச்சிருக்கவனுக்கு அந்தக் கெழவி அப்படிச் சொல்ல மாட்டாலே. இது என் முடிவு. உன் முடிவு இது இல்ல.”

குட்டு உடைந்துவிட்டது. இசக்கிதுரை திருதிருவென்று விழித்தான். மற்ற ஆறும் எப்படி என்று ஹனீப் கேட்டான். அதற்கும் பதில் வராததைப் பார்த்து, விஷயம் புரிந்து, முதலில் சிரித்தான். சிரிப்பு இருமலானது. மதீனா பீவி வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

“இத்தன வருசமா எவன் வாயாலயோ பேசிருக்க. போட்டும். இந்த ஒண்ண மட்டும் உன் வாயால சொல்லு. நாளைக்குச் சாயங்காலம் அட்மிஷன்.”

வாசல் வரை வந்த மதீனா பீவி, “அவங்க ரொம்ப ஆசையா இருக்காங்கண்ணே,” என்று மட்டும் சொன்னாள். இசக்கிதுரையால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. ஷாலினி ஒரு டாக்டரின் கிளினிக்கில் பில் போடுகிறவள். அவளும் லேட்டாக வருவதாகப் போன் செய்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் அந்த கேமை ஒருநாளும் தொட்டதில்லை. கூடாரம் வந்தது, நெருப்பு வந்தது. அவன் விரல் அணைக்கிற பட்டனுக்குப் போனது.

“போங்க,” என்றாள் ஷாலினி. “நான் இங்கதான இருக்கேன்.”

அவன் போனான்.

கிழவி பையைத் திறந்தாள். இத்தனையும் யாருக்கு வைத்திருந்தாய் என்று கேட்டாள். கதவைத் திறக்கவில்லை. துணைக்கு வந்த நாலு பேரும் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவனே இலையைக் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அதைக் கொதிக்க வைத்துக் குடித்துக்கொண்டே, எந்தச் சண்டையில் எங்கே வலித்தது, அப்போது அவனைப் பற்றி என்ன நினைத்தார், இனி எந்த ஊருக்குப் போகப்போகிறார் என்று நிதானமாகச் சொன்னார். தாண்டிப் போக வழியே இல்லை, கேட்டுத்தான் ஆக வேண்டும். சொல்லி முடித்தவர் எழுந்து போனார். கடைசி ஆள் போனதும்தான் கதவு திறந்தது. இசக்கிதுரை சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஷாலினி அவன் முதுகில் கை வைத்திருந்தாள்.

அதற்கப்புறம்தான் அவனுக்கு ஆச்சரியம். பெயர்களெல்லாம் ஓடி முடிந்ததும் திரை இருண்டுவிடவில்லை. கெல்மரா அப்படியே இருந்தது. அந்த நாலு பேரும் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள், தேடிப் போய்ப் பார்க்கலாம். இத்தனை வருஷம் இது தெரியாமல் போயிற்றே என்று அவனுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து சண்டை நடந்தது. ஒன்று விடாமல் சொல்லி முடித்து, தான் பார்த்ததிலேயே இதுதான் சிறந்த முடிவு என்றான் இசக்கிதுரை.

“நீ பாத்ததே இது ஒண்ணுதானலே,” என்றான் ஹனீப். பக்கத்துக் கட்டில்காரர் தமிழ் தெரியாமலே சிரித்தார்.

பிறகு ஹனீப் எழுந்து உட்கார்ந்தான். கம்மிப்போன குரலாக இருந்தாலும் பழைய வேகம் வந்துவிட்டது. “அடிபட்டவனுக்கெல்லாம் அப்பப்ப எலயக் குடுத்துக் காப்பாத்திக் கூட்டிட்டுப் போனவன் நான். எனக்கு ஒத்த வார்த்த. நீ எல்லாரையும் தவிக்க விட்டுட்டுப் பைய நெரப்பிட்டுப் போன. உனக்கு விருந்தா? இது என்ன நியாயம்?”

இசக்கிதுரை ஏதோ சொல்ல வாயெடுத்தான். பழைய மாதிரி நக்கலாகத்தான் வந்திருக்கும். ஆனால் வந்தது வேறு.

“நீ அப்பப்பக் குடுத்துட்ட ஹனீபு. கடைசில பேச உனக்கு என்ன பாக்கி? நான் ஒருத்தருக்கும் ஒண்ணும் குடுக்கல. அதான் எனக்கு அவ்வளவு நேரம் வேண்டியிருக்கு.”

 ஹனீப் அவன் கையைத் தட்டிக்கொடுத்தான். அதோடு விட்டானா என்றால் இல்லை. கேமுக்குப் படம் வரைந்தவன், இசை போட்டவன் எல்லோரையும் இழுத்து வைத்து, நர்ஸ் வந்து அதட்டும்வரை பேசினான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்ட்ரெச்சரோடு மதீனா பீவி ஒரு பக்கமும் இசக்கிதுரை ஒரு பக்கமும் நடந்தார்கள். ஆபரேஷன் மேல்மாடியில். லிஃப்டுக்குள் அவர்களை விடவில்லை. இவ்வளவு நேரம் தாங்கியதே பெரிது, இனி எங்காவது நழுவிவிடுவான் என்று மதீனா பீவியே நினைத்திருப்பாள். இசக்கிதுரை அசையவில்லை. ஹனீப் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தான்.

“என்ன சொன்னாலும் மூணாவதுதாம்லே,” என்றான்.

கதவு மூடியது. மேலே எண் மாறி மாறிப் போய் நிற்கும்வரை இசக்கிதுரை அங்கேயே நின்று பார்த்தான்.

ஹனீப் சயானுக்கு மறுபடி வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. கழுத்தில் மெல்லிய துணி சுற்றியிருந்தான், இளைத்திருந்தான். மெஷின் இன்னும் பழகவில்லை. நகுலுக்கு எப்படி நடந்துகொள்வது என்று தெரியவில்லை. ஆபீஸ், மழை, லோக்கல் ரயில் என்று என்னென்னவோ பேசினான். ஹனீப் டீயை ஆற்றி ஆற்றி வாய்க்குள் ஊற்றிக்கொண்டிருந்தான். பேச்சு தானாகவே கெல்மராவுக்கு வந்து சேர்ந்தது. எட்டாம் பாகம் வருகிறதாம். நகுல் பழைய ஞாபகத்தில் வாயை விட்டுவிட்டான்: மூணாவது மாதிரி போர் அடிக்காமல் இருந்தால் சரி.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஹனீப் தலையைத் தூக்கினான். கை மேஜை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. அவன் இசக்கிதுரையைப் பார்த்தான்.

“மூணாவது போரா?” என்றான் இசக்கிதுரை. “படகுக்குக் காத்துக் கெடக்கயில்லா, அப்பதான அந்த நாலு பேரும் பேசுவானுவ? உன் அஞ்சாவதுல கடல் இருக்கு, மல இருக்கு, பேச ஒருத்தன் இருக்கானா? வழி கேட்டா பொய் சொல்லுதானா? சொல்லட்டும். அப்பந்தான் யாரு நல்லவன்னு பாத்துக் கேப்ப.”

இந்த விஷயத்தில் இவனுக்கு இப்படி ஒரு குரல் இருக்கும் என்று டீக்கடைக்காரனே எதிர்பார்க்கவில்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் கிண்டல் அடித்துக்கொண்டே இவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். ஹனீப் சொன்ன காரணமெல்லாம் ஹனீப் சொன்ன வரிசையிலேயே வந்து விழுந்தன. நகுல் முதலில் திகைத்தான்; பிறகு விடாமல் திருப்பிச் சண்டை போட்டான்.

நடுவில் ஹனீப் இசக்கிதுரையைக் காலால் எட்டி உதைத்தான். விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினான். கடைக்காரன் ஒரு பன் மஸ்காவை எடுத்துவந்து வைத்தான். ஹனீப் அதைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி அதையே காட்டினான்.

“ஆமா, சமையல்காரி,” என்றான் இசக்கிதுரை. “அத விட்டுட்டேன் பாரு. மூணாவதுல சமையல்காரி ஒருத்தி வருவா, நகுலு. ஒருவேளச் சாப்பாட்ட விட்டாலும் கோவிச்சுக்கிட்டு நம்மள விட்டுட்டுப் போயிருவா. எந்த பாகத்துல இருக்கு அப்படி ஒருத்தி?”

ஹனீப் மேஜையை ஓங்கித் தட்டினான். மூன்று கிளாஸும் எழும்பி உட்கார்ந்தன.