‘வாரேன்’ என்று சொல்லிவிட்டாள்

நம்பப் பிடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. நான் தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவன். கஜக்கோலால் அளந்து பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ளாத ஆள். பேய், பிசாசு என்று யாராவது கடையில் ஆரம்பித்தால், “துணி எடுக்க வந்தீரா, கதை அளக்க வந்தீரா?” என்று விரட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது.

1961, சாரல் காலம். என் மனைவி ஆசியாவுக்கு நாலு மாதம். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துத் தங்கிய கரு. வீட்டில் அவளைக் கீழே நடக்கவிடாத குறைதான். “என்ன வேணும்னாலும் கேளு” என்று நானும் சொல்லிவிட்டேன். ரங்கூன் தோட்டத்தில் ஒரு நாள் சாப்பிட வேண்டும் என்றாள்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் இருந்தது அந்தத் தோட்டம். ரங்கூனிலிருந்து திரும்பி வந்த ஹபீபுல்லா என்பவர் நடத்தினார். மரங்களுக்கு நடுவே தனித்தனி ஓலைக்குடிசைகள். குடும்பத்துக்கு ஒரு குடிசை, கோரைப்பாய், மண்பானைச் சமையல். சீசனுக்கு வரும் பெரிய மனிதர்கள் மோட்டாரில் வந்து இறங்குவார்கள். என் வீட்டு ஓலையைப் பிரித்து ஓடு போட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இவர்கள் அள்ளிக் கொடுத்து ஓலைக்கடியில் உட்காருகிறார்களே என்று வழியெல்லாம் கேலி செய்தேன். ஆசியா சிரித்துக்கொண்டே வந்தாள்.

போய்ச் சேரும்போது பகல் பன்னிரண்டரை இருக்கும். ஆனால் மேகம் மூடி, அந்தி மாதிரி இருட்டிக் கிடந்தது. எல்லாக் குடிசையிலும் ஆட்கள். அருவி இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“செத்த இருங்க அண்ணாச்சி, எடம் பாத்துச் சொல்லுதேன்” என்று எங்களை முன்பக்கத் தாழ்வாரத்தில் உட்கார்த்திவிட்டு ஹபீபுல்லா உள்ளே போனார்.

“இங்கன வாங்க.”

ஒரு பெண் குரல். தோட்டத்தின் கோடியில், ஓடைக்கரையில் ஒரு குடிசை இருந்தது. அதன் வாசலில் வெள்ளைத் துப்பட்டி போட்ட ஒரு பெண் நின்றாள். அங்கே பரிமாறுகிறவள் என்று நினைத்துக்கொண்டோம். ஆசியா எனக்கு முன்னால் நடந்தாள்.

உள்ளே பாய் விரித்து, இரண்டு இலை போட்டிருந்தது. நெய்ச்சோறு, கறி, தாளிச்சா. ஆவி பறந்தது. ருசியைக் குறை சொல்ல மாட்டேன். அப்படிச் சாப்பிட்டதே இல்லை.

இரண்டாவது கவளத்தில்தான் கவனித்தேன். அருவி இரைச்சலைக் காணோம்.

வாசல் வழியாகப் பார்த்தேன். மழை பெய்துகொண்டுதான் இருந்தது. அதற்கும் சத்தமில்லை...

அந்தப் பெண் தண்ணீர் எடுக்க மழைக்குள் போய்த் திரும்பினாள். துப்பட்டியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மூலையில் அடுப்பைப் பார்த்தேன். தீ இல்லை. பழைய சாம்பலில் புல் முளைத்திருந்தது.

‘எழுந்திரு ஆசியா’ என்று சொல்ல நினைத்தேன். நாக்கு அசையவில்லை. கை மட்டும் தானாகச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. அவளோ அந்தப் பெண்ணிடம் கதை பேசியபடி சாப்பிட்டாள். அந்தப் பெண் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. ஆசியாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்தோம். ஆசியா கை கழுவிவிட்டு, “வாரேன் லாத்தா” என்றாள், கூடப்பிறந்த அக்காவிடம் சொல்வதுபோல.

நாம் எல்லோரும் சொல்வதுதானே. ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாராவது ‘போறேன்’ என்பார்களா? சொன்னால் பெரியவர்கள் வாயிலேயே போடுவார்கள். ‘வாரேன்’ என்பது ஒரு மரியாதை. அதற்கு யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

அவள் கேட்டாள்.

“எப்ப?”

ஆசியா சிரித்துவிட்டாள். “அடுத்த சாரலுக்கு வாரேன்.”

“சரி. பாத்துக்கிட்டு இருப்பேன்.”

வெளியே கால் வைத்ததும் அருவி இரைச்சல் காதில் வந்து மோதியது.

ஹபீபுல்லா எதிரே ஓடி வந்தார். “எங்கன போயிட்டிய? உங்களுக்கு எடம் ஒழிச்சுப்போட்டுத் தேடிக்கிட்டு இருக்கேன்.”

“கடைசிக் குடிசையில சாப்பிட்டோமே.”

அவர் முகம் வெளுத்தது. “அதுல வெறகுல்லா போட்டு வச்சிருக்கேன்...”

திரும்பிப் பார்த்தேன். வாசல்வரை விறகு அடுக்கியிருந்தது.

என்ன சாப்பிட்டோம், யார் போட்டார்கள் என்று அவர் கேட்கவில்லை. “கெளம்பும்போது என்ன சொன்னிய?” என்று கேட்டார்.

“வாரேன்னு சொன்னா.”

“எப்பன்னு கேட்டாளா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். “யாரு அவ?”

“தெரியாது அண்ணாச்சி. நான் தோட்டத்த வாங்கும்போதே இருந்தா.” பிறகு ஆசியாவிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். “தாயி, அந்த வாசல்ல நின்னு ‘போறேன்’னு ஒரு வார்த்த சொல்லிருங்க. குடுத்த வாக்கு முறிஞ்சிரும்.”

ஆசியா வயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள். “வயித்துப் பிள்ளைக்காரி வாயில அந்தச் சொல்லு வரலாமா? மாட்டேன்.”

கெஞ்சிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. அதற்கு மேல் வற்புறுத்த எனக்கும் மனம் வரவில்லை. எட்டு வருடம் ஏங்கிச் சுமக்கிறவளிடம் எப்படி அதைச் சொல்லச் சொல்வது?

கார்த்திகையில் ஹாஜரா பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம். மறு வருடம் மேல்காற்று வீச ஆரம்பித்ததுமே இருவரையும் வாசுதேவநல்லூரில் ஆசியாவின் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டேன். கடையைப் பூட்டிவிட்டு நானும் கூடவே இருந்தேன். குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டதாக ஊருக்குள் பேசிக்கொண்டார்கள். விழட்டும், நாங்கள் போகப்போவதில்லை என்று இருந்தேன்.

அன்றும் உச்சிப்பொழுது. ஹாஜரா தொட்டிலில் தூங்கினாள். ஆசியா பக்கத்தில் உட்கார்ந்து தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கிறீச்... கிறீச்... என்று சங்கிலிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நின்றுவிட்டது.

தொட்டில் ஆடியது. சத்தம் மட்டும் இல்லை.

ஜன்னலில் ஒரு காகம் வாயைத் திறந்து திறந்து மூடியது. அதற்கும் சத்தமில்லை...

பாய்ந்து ஆசியாவின் கையைப் பிடித்தேன். என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாள்.

“இந்தா வந்துட்டேன் லாத்தா...”

அது மட்டும் கேட்டது.

கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

பிடித்திருந்த கை குளிர்ந்தது.

கிறீச்... கிறீச்...

இருதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். இருபத்தாறு வயதுக்காரிக்கு!

அதன்பின் ஒரு வருடம் எதுவும் நடக்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதக் காரணம் ஆதம். முன்பு என் கடையில் வேலை பார்த்தவன், ஐந்து வருடமாகக் கொழும்பில் இருந்தான். இந்தத் திங்கட்கிழமை சிரித்த முகமாகக் கடைக்கு வந்தான். ஊர் திரும்பிய கையோடு கூட்டாளிகளோடு குற்றாலத்தில் குளித்துவிட்டு வருவதாகச் சொன்னான்.

“என்ன அண்ணாச்சி, மைனிய ரங்கூன் தோட்டத்துல சோறு போட விட்டுட்டிய? நெய்ச்சோறு பிரமாதம்!”

நான் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். ஆசியா இறந்தது அவனுக்குத் தெரியாது.

“மைனி பிள்ளையப் பத்தியேதான் கேட்டாங்க. ‘பிள்ள கண்ணுக்குள்ளயே நிக்குது, ஒரு நாள் தூக்கிட்டு வா’ன்னாங்க. பாவமா இருந்துச்சு. ‘சரி மைனி, கூட்டிட்டு வாரேன்’னு சொல்லிட்டேன்.”

“அப்புறம்...?”

“எப்பன்னாங்க. வர்ற வெள்ளிக்கிழமைன்னேன்.”

அவனைக் கூட்டிப்போய்ப் ‘போறேன்’ என்று சொல்லவைக்கலாம்தான். ஆனால் என் பிள்ளைக்காக அந்தச் சொல்லை ஒருவன் சொல்லி, பிள்ளையே ‘போய்விட்டால்’ என்ன செய்வது? ஹபீபுல்லாவிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்று நாளாக நான் கண் மூடவில்லை.

இன்று வியாழக்கிழமை. ஹாஜரா என் மடியில் தூங்குகிறாள். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதுகிறேன்.

நாளைக்கு இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். ஆசியாவையும் அப்படித்தான் பிடித்திருந்தேன்.