பாலில் விஷம் கலந்த ராஜா

கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தேன். பாடத்தில் ஒரு பழைய துன்பியல் நாடகம். ராணியின் மேல் சந்தேகப்பட்டு ராஜா அவளுக்குப் பாலில் விஷம் வைத்துவிடுகிறான். அவள் குற்றமற்றவள் என்று தெரிந்ததும் புலம்பிச் சாகிறான். ஆரம்பத்தில் மூச்சு விடாமல் அடுக்கடுக்காகப் பேசுகிறவன், கடைசியில் துண்டு துண்டாகப் பேசுகிறான். அவன் மனம் உடைவது பேச்சில் எப்படித் தெரிகிறது என்று எழுதிப் பழக வேண்டும். எத்தனை முறை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் காட்சியைத் தமிழில் எழுதி என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

அவர் அரக்கோணத்தில் ரயில்வே குமாஸ்தா. குழம்பில் உப்பு இல்லாவிட்டால்கூட வாய் திறக்கமாட்டார். ராஜாவின் புலம்பலை, ரயில் தாமதமாக வருகிறது என்று அறிவிப்பதுபோல் படித்தார்.

“சத்தமா படிங்க. பொண்டாட்டிய கொன்னவன் பேசுறான்” என்றேன்.

பக்கத்து வீட்டு விசைத்தறிகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. யார் காதிலும் விழாது என்ற தைரியத்தில் அவர் எழுந்து நின்றார். நரம்பு புடைக்கக் கத்தத் தொடங்கினார். சரியாக அப்போது கரண்ட் போய்த் தறிகள் நின்றன. தெருவே கேட்டது:

“பாலில் விஷம் வைத்தவன் நான்தான்! குடித்துவிட்டாயே, பாவி!”

அடுத்த நிமிஷம் தறிக்காரர் வீட்டு அக்கா ஒரு சொம்பு உப்புத் தண்ணீரோடு ஓடிவந்தார். என் தலையைப் பிடித்துச் சாய்த்து வாயில் ஊற்றினார்.

“வாந்தி எடும்மா! ஏன் தம்பி, வாயில்லாப் பூச்சின்னு நெனச்சிகினு இருந்தேனே, நீயா இப்டி?”

“நாடகங்க்கா, நாடகம்” என்று காகிதத்தைக் காட்டிக் கெஞ்சினார் இவர். சொம்பு காலியான பிறகே அக்கா அதைக் காதில் வாங்கினார்.

பிறகு உட்கார்ந்து முழுக்கதையும் கேட்டார். தறியில் இருந்தவர்களும் வாசலில் கூடிவிட்டார்கள்.

“பாலு கசந்திருக்குமே. ராணி இன்னாத்துக்கு முழுசா குடிச்சா?” என்றார் அக்கா.

“அது கெடக்கட்டும். சாவுற நேரத்துல எவனாவது இம்மாம் பேச்சு பேசுவானா?” என்றார் அவர் கணவர்.

“ராணி வாயத் தொறக்கவே வுடலயே அந்த ஆளு. தனக்குத்தானே பேசிகினு இருந்தா எப்டி வெளங்கும்?” என்றார் அக்கா.

என் வீட்டுக்காரர் ராஜாவுக்கு வக்கீலாகிவிட்டார். கடைசி வசனத்தை நிறுத்தி நிறுத்தி, குரல் தழுதழுக்க மறுபடி படித்துக் காட்டினார். அந்த இடைவெளிகளில் வாசலில் ஒரு சத்தமில்லை. பாடம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கரண்ட் வந்தும் ஒருவரும் தறிக்குத் திரும்பவில்லை.

பரீட்சை முடிந்து வந்தபோது எங்கள் ஊர் திருத்தணி ஸ்டேஷனில் இவர் காத்திருந்தார்.

“ராஜா வந்தானா?”

“வரல. மந்திரியப் பத்திதான் கேட்டிருந்தாங்க.”

“மந்திரியா? அவனுக்கு மொத்தமே நாலு வரிதானே?” முகம் தொங்கிப்போயிற்று. நான் எப்படி எழுதினேன் என்று கேட்கவே இல்லை. கொஞ்ச தூரம் நடந்ததும், “அடுத்த வருஷம் இன்னா நாடகம்?” என்றார்.