கதைக்கு அழுத அப்பா

அப்பாவின் தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். வெயிலுக்குத் தலையில் கட்டவும், வியர்வை துடைக்கவும், சந்தையிலிருந்து தக்காளி முடிந்து வரவும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் மட்டும் அதற்கு வேறொரு வேலை இருந்தது. பாப்பாரப்பட்டி நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து, யாரோ எழுதிய கதையில் வரும் யாரோ ஒரு பெண்ணுக்காக, என் அப்பா அந்தத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவார். ஓங்குதாங்கான ஆள். ஏர் பிடித்துக் காய்த்துப்போன கை. அப்படிப்பட்டவர் குலுங்கிக் குலுங்கி அழுவார். மகள்களான எங்களுக்கு முதலில் வெட்கமாக இருந்தது, போகப் போகப் பெருமையாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அறுபதுகளின் கடைசி அது. நூலகத்துக்கு ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்தால் ஒரே பிரதிதான் வரும். எல்லாரும் படித்து முடித்துப் பிறகு பேசலாம் என்றால் வருடம் ஓடிவிடும். அதனால் லைப்ரரி சார், நூலகரை ஊரே அப்படித்தான் கூப்பிடும், ஒரு வழக்கம் வைத்திருந்தார். வாரம் ஒருவர் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போவார். ஞாயிறன்று அதிலிருந்து ஒரு கதையைத் தம் வாயால் சொல்வார். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிட வேண்டும். கதையில் வருகிறவர்கள் செய்தது சரியா, இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டவர்கள் ஒவ்வொருவரும் பேசுவார்கள். எல்லாரும் பேசி முடித்த பிறகுதான் கடைசிப் பக்கத்தை வாசிப்பார்கள். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் அவர் பேசுவதைக் கேட்பதற்கென்றே பலர் வந்தார்கள். "நாமெல்லாம் கதையக் கேக்கறோம். இவுரு அந்த வூட்டுக்குள்ளாறயே போயி நின்னுக்கறாருங்க" என்று கம்பவுண்டர் வீட்டம்மா சொல்வார். அப்பாவுக்கு அதில் கூச்சம் கலந்த சந்தோஷம்.

எங்கள் வீட்டில் அம்மா இல்லை. தங்கையைப் பெற்றுப்போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்று பெண்களையும் அப்பாதான் வளர்த்தார். தலை வாரிவிடுவதிலிருந்து மாதா கோயிலுக்கு முக்காடு போட்டு அழைத்துப்போவது வரை எல்லாம் அவரேதான். அக்காவுக்குச் சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக் கிணற்றில் நீச்சல் பழக்கியவரும் அவர்தான். அந்த அக்காவைப் பென்னாகரத்துக்கு அப்பால், காட்டோரத்து ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்கு நிலம் இருந்தது, மாடு இருந்தது, அடிக்கிற கையும் இருந்தது. அக்கா திரும்பி வந்தபோது அவளுடைய இடது காது கேட்கவில்லை. அவன் அறைந்ததில் போனது அது. யார் பேசினாலும் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுப்பாள். அடி வாங்கிய விஷயத்தை அப்பா வெளியே விடவில்லை.

சில மாதம் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பெரிய பொண்ணு ஏன் இங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டுக் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். பங்குச் சாமியாரும் பூசை முடிந்து அப்பாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் கோயிலில் தாலி கட்டினால் விவாகரத்து கிடையாது. அதிலிருந்து அப்பா மாறிப்போனார். "குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும் கண்ணு. அனுசரிச்சுப் போ" என்று ஆரம்பித்தார். "அவன் என்னக் கொன்னுருவான்ப்பா" என்றாள் அக்கா. "வாயக் கழுவு. நல்ல வார்த்த பேசு" என்றார் அப்பா. வருகிற திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கொண்டுபோய் விடுவதென்று முடிவாயிற்று. அக்கா கெஞ்சினாள், காலைப் பிடித்தாள், சாப்பிடாமல் கிடந்தாள். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

அந்த வாரம் புத்தகம் எடுப்பது அக்காவின் முறை. சனிக்கிழமை ராகி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "நான் சொன்னா அப்பா கேக்க மாட்டேங்கறாரு. கதைன்னா கேப்பாரில்ல?" என்றாள். எனக்கு விளங்கவில்லை. "நாளைக்கி என் கதையச் சொல்லப்போறேன். புஸ்தகத்துல இருக்கற மாதிரி. அவுரு வாயாலயே அனுப்பக் கூடாதுன்னு சொல்லட்டும். நாலு பேரு முன்னாடி சொல்லிட்டா அப்பறம் மாறமாட்டாரு." அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒரே வழிதான். எனக்கும் அது நடக்கும் என்றே தோன்றியது. அப்பாவைப் போலக் கதை கேட்கிற மனிதர் யார் இருக்கிறார்கள்?

மறுநாள் அக்கா புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சொன்னாள். நடுநடுவே பக்கம்கூடப் புரட்டினாள். எங்கோ தெற்கே ஒரு நெசவுக்காரர், அவருக்கு ஒரே மகள் என்று தொடங்கினாள். காதைக் கண்ணாக மாற்றியிருந்தாள். புருஷன் அடித்ததில் அந்தப் பெண்ணுக்கு ஒரு கண் போய்விடுகிறது. தகப்பன் வீட்டுக்கு ஓடி வருகிறாள். தகப்பன் அவளைத் திருப்பி அனுப்ப வண்டி பூட்டுகிறான். மற்றதெல்லாம் எங்கள் வீட்டில் நடந்தது நடந்தபடி. நடுங்காத குரலில் சொன்னாள். வண்டி பூட்டிய இடத்தில் நிறுத்தினாள்.

மணியக்காரர்தான் முதலில் பேசினார். "எழுதனவரு தகப்பன ரொம்பக் கெட்டவனாக் காட்டிட்டாரு. அனுப்பாட்டி ஊரு என்ன பேசும்? அதயும் பாக்கணுமில்லீங்களா?" என்றார். அவ்வளவுதான், அப்பா எழுந்து நின்றுவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "ஊரா பெத்துச்சு? ஊரா சோறூட்டுச்சு? பொண்ணு கண்ணக் குடுத்துட்டு வாசப்படில வந்து நிக்குது. இன்னும் எதக் குடுக்கணும்னு பாத்துட்டு இருக்கறான் அந்தப் பாவி? அவனும் ஒரு அப்பனா? நானா இருந்தா கதவச் சாத்தி உள்ள வெச்சுக்குவேன். கூப்புட வர்றவன் என்னத் தாண்டித்தான் போவணும்." கம்பவுண்டர் வீட்டம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினார். மணியக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசிப் பக்கத்தை வாசிக்கச் சொன்னார் லைப்ரரி சார். "அது கிழிஞ்சு போயிருக்குதுங்க" என்றாள் அக்கா. எங்கள் நூலகத்துப் புத்தகங்களில் அது சகஜம் என்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். புகுந்த வீட்டிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் அப்பா மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா போய் எதிரே நின்றாள். "அந்தக் கத புஸ்தகத்துல இல்லப்பா. அது நான்தான்" என்றாள். கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்று நான் தங்கையின் தோளைப் பிடித்து அழுத்தினேன். பிறகு அப்பா தலைநிமிர்ந்தார். "கதயில அந்தப் பொண்ணுக்குக் கூடப் பொறந்தவ யாரும் இல்லியே கண்ணு. எனக்கு இன்னும் ரெண்டு பேரு இருக்கறாங்களே" என்றார்.

எங்கள் கல்யாணத்தைச் சாக்குச் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்றுதான் அவள் எங்களைக் கதையிலிருந்தே எடுத்திருந்தாள். அப்பா தேடிப் பிடித்து உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். "எனக்குக் கல்யாணமே வேணாம்ப்பா, அக்காவ அனுப்பாதீங்க, உங்க கால்ல வுழறேன்" என்று கத்தினேன், தரையில் புரண்டேன். "சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்? கத வேற, வூடு வேற" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அக்கா உள்ளே போய்த் துணிகளை மடித்தாள். மறுநாள் காலை அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா முன்னால் நடந்தார். அன்று அவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

மழைக்காலம் முடிவதற்குள் ஆள் வந்தது. தண்ணீர் சேந்தப் போன இடத்தில் கிணற்றில் தவறி விழுந்துவிட்டாளாம். எங்கள் கிணற்றில் சுவர்மேல் ஏறிக் குதித்து நீந்தியவள் அவள். விழுந்தாளா, குதித்தாளா, அவன்தான் தள்ளினானா, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். போலீசுக்குப் போனால் வீட்டுப் பேர் கெடும், இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். தன் கையால் செத்தவளென்றால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. சாமியார் விசாரித்தபோது, நீச்சல் கற்றுக்கொடுத்த அதே அப்பா கைகட்டி நின்று சொன்னார்: "அவளுக்கு நீச்சல் தெரியாதுங்க சாமி. வழுக்கி வுழுந்துட்டா." மற்றவர் கதைகளையே கேட்டுக்கொண்டிருந்தவர் தாமாகச் சொன்ன கதை அது ஒன்றுதான். அடக்கத்துக்கு வந்த கம்பவுண்டர் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கத..." என்று இழுத்தார். "ஆமாங்க" என்றேன். அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா அந்தக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நிறுத்தவில்லை. சில வாரம் கழித்து மறுபடி போனார். மறுபடி யாருக்காகவோ அழுதார். கூடுதலாகவே அழுதார். உள்ளுக்குள் யாரை நினைத்து அழுதாரோ, நான் கேட்கவில்லை, கேட்கிற அளவுக்கு அவர்மேல் இரக்கம் எனக்கு மிச்சமில்லை. எனக்குக் கல்யாணம் நடந்தது. தங்கைக்கும் நடந்தது. நல்ல இடம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. என் பிள்ளைகளைக் கொஞ்சும்போதெல்லாம் அக்கா அந்தப் பெட்டிக்குப் பின்னால் நடந்து போவது கண்ணில் தெரியும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் என்பதால் தர்மபுரியில் நடக்கும் வாசகர் சந்திப்புக்கு இப்போதெல்லாம் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஆளுக்கொரு பிரதி கையில் வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பற்றி ஓர் இளைஞர் அருமையாகப் பேசினார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார். "படிச்சதுலருந்து அழுதுட்டே இருக்கறனுங்க டீச்சர். அந்தப் பொண்ணு மனச வுட்டுப் போவ மாட்டேங்குது" என்றார். கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. நல்ல பிள்ளை.

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு அக்கா இருக்குதுங்க. காரிமங்கலத்துல குடுத்திருக்குது."

"நல்லா இருக்குதா?"

"நல்லாருக்குதுங்க" என்றார் சட்டென்று. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போயி ரொம்ப நாளாச்சுங்க. நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

"காரிமங்கலத்துக்கு இப்ப பஸ் இருக்குது. கெளம்பு சாமி" என்றேன்.